மாடியில் வாட்டம் இருக்கிறதா?

ஐப்பசி பிறந்து அடைமழை இரண்டு நாள் நின்று பெய்தால் போதும், புதுச்சேரியில் நேரு வீதிக் கடைக்காரரிலிருந்து துமாஸ் வீதி ஓட்டல்காரர் வரை எல்லாரும் ஒரே ஆளைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள்: ‘வாட்டர் ப்ரூஃபிங்’ செய்பவரை. அவரும் வருகிறார். கீழே சொட்டும் இடத்தைப் பார்க்கிறார், மேலே ஏறிப் பார்க்கிறார், சிமெண்டில் கலக்கிற ஒரு திரவத்தின் பெயரைச் சொல்கிறார். மழை கொஞ்சம் ஓய்ந்ததும் மாடியில் ஒரு பூச்சு ஏறுகிறது. அடுத்த ஐப்பசியில் அதே இடத்திலோ, இரண்டடி தள்ளியோ மறுபடி சொட்டுகிறது.

இதற்கு அந்தத் தொழிலாளியைக் குறை சொல்வது நியாயமாகப் படவில்லை. நாம் கேட்டதைத்தான் அவர் செய்து கொடுத்தார். ‘ஒரு சொட்டுகூடப் புகாதபடி அடைச்சு விட்டுடுங்க’ என்று நாம்தான் கேட்டோம். நல்ல மாடி என்றால் இறுக்கமாக அடைபட்ட மாடி என்று நம் எல்லார் மனத்திலும் ஓர் எண்ணம் ஊறிக் கிடக்கிறது. கட்டட வேலை நடக்கும் இடங்களில் நின்று பார்க்கப் பார்க்க, மாடிகளைக் கெடுப்பதில் மழையைவிட இந்த எண்ணத்துக்குத்தான் பங்கு அதிகம் என்று தோன்றுகிறது. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், மெதுவாக மேலே ஏறிப் பார்ப்போம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 500 சதுர அடி மாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு நடுத்தரக் கடையின் தலைக்கு மேல் உள்ள பரப்பு. அதில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 465 லிட்டர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் ஊர்ப் பக்கமாகக் கரையேறியபோது, ஒரு நாள் கணக்கில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படியானால் அந்தச் சின்ன மாடியில் மட்டும் விழுந்தது ஏறத்தாழ 21,000 லிட்டர். எடையில் சொன்னால் 21 டன். இவ்வளவு தண்ணீரும் அங்கேயே தங்கியிருந்தால், எந்தப் பூச்சு பூசியிருந்தாலும் அந்தத் தளம் தாங்கியிருக்காது. விழுந்த தண்ணீர் விழுந்த வேகத்திலேயே இறங்கிப் போக வழி இருந்ததால்தான் பெரும்பாலான மாடிகள் தப்பின.

அந்த வழிக்குக் கொத்தனார்கள் சொல்லும் பெயர் வாட்டம். தண்ணீர் தானாக ஒரு பக்கம் ஓடும்படி தளத்துக்குக் கொடுக்கும் சரிவு. பத்தடிக்கு ஒன்றரை அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம் வரை இறக்கம் இருந்தால் போதும். நடந்தால் காலுக்கே தெரியாது, ஆனால் தண்ணீருக்குத் தெரியும். அது ஓடிப்போய்ச் சேரும் இடத்தில் தூம்பு, தூம்பிலிருந்து குழாய், குழாயிலிருந்து தெரு. மாடியைக் காப்பாற்றும் வேலையில் முக்கால் பங்கை இந்த வாட்டமும் தூம்பும்தான் செய்கின்றன என்பது என் கணிப்பு. மிச்சக் கால் பங்குக்குத்தான் பூச்சு. நாமோ பணத்தில் முக்கால் பங்கைப் பூச்சுக்குக் கொடுத்துவிட்டு, தூம்பில் அடைத்துக் கிடக்கும் அரசிலைச் சருகை எடுக்க ஆள் அனுப்புவதில்லை.

இனி ஒரு பழைய வீட்டு மாடிக்கு ஏறுவோம். வைசியாள் வீதிப் பக்கம், திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் உள்ள தமிழ் வீடாக இருக்கலாம். கடற்கரைப் பக்கம், உயர்ந்த மதிலும் வளைவு வாசலுமாக நிற்கும் பிரெஞ்சு வீடாக இருக்கலாம். முகப்பு வேறு வேறு. தட்டை மாடி உள்ள இடத்தில் இரண்டுக்கும் தலைக்கு மேல் ஒரே ஏற்பாடுதான். மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் எழுதுவார்கள், மெட்ராஸ் ஒட்டு என்று வேலைக்காரர்கள் சொல்வார்கள். 1761-இல் ஆங்கிலேயர்கள் இந்த ஊரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765 முதல் திரும்ப எழும்பிய ஊரில்தான் நாம் இன்று நடக்கிறோம். இந்தக் கூரைகளில் பலவற்றுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. இன்று அவற்றின் கீழே தங்கும் விடுதிகளும் காபிக் கடைகளும் துணிக் கடைகளும் நடக்கின்றன.

இந்தக் கூரை எப்படிக் கட்டப்பட்டது? சுவரிலிருந்து சுவருக்கு உத்திரம். உத்திரத்தின் மேல் வரிசையாகத் தேக்குக் கட்டைகள், பெரும்பாலும் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவை. கட்டைகளுக்கு மேல் செங்கல். நாம் சுவர் கட்டும் செங்கல் இல்லை. ஆறங்குல நீளம், மூன்றங்குல அகலம், ஓரங்குலக் கனம் உள்ள மெல்லிய கல். அதைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்து தடவி, அறையின் ஒரு மூலையிலிருந்து குறுக்காக, ஒரு வரிசையை முந்தின வரிசையோடு ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே பலகை முட்டுக் கொடுப்பதில்லை. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் உள்ள அந்த வெற்றிடத்தில் கல்லைத் தாங்குவது சாந்தின் பிடிப்பும் பக்கத்துக் கல்லின் நெருக்கமும் மட்டுமே. அண்ணாந்து பார்த்தால் கட்டைகளுக்கு இடையே சாய்வு சாய்வாகக் கோடுகள் தெரியுமே, அதுதான் இது.

அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நாலு அங்குலத்துக்கு ஒரு படுகை. இதைப் போட்டுவிட்டுப் போய்விட முடியாது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். நடுநடுவே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். வெல்லத்தின் சர்க்கரை, சுண்ணாம்பைத் தண்ணீரில் கூடுதலாகக் கரையச் செய்கிறது. சாந்து குறைந்த தண்ணீரிலேயே குழைந்து இடைவெளிகளில் இறங்குகிறது. அடிக்கிற கட்டை தளத்தில் பட்டுத் துள்ளித் திரும்பும் வரை அடி நிற்காது. கடைசியாக மேலே தட்டோடு எனப்படும் தட்டையான ஓடு, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வரிசை, அதுவும் சுண்ணாம்பில். வாட்டம் இந்த ஜல்லிப் படுகையிலேயே வைக்கப்பட்டிருக்கும்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த கூரை தண்ணீரை முழுக்கத் தடுக்குமா என்றால், தடுக்காது. நாம் நிதானித்துப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

சுண்ணாம்பு எப்படிப்பட்ட பொருள் என்று பார்ப்போம். கடற்கரை ஊர்களில் கிளிஞ்சலைச் சூளையில் போட்டுச் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் சுடுவார்கள். அதிலுள்ள கரியமில வாயு பிரிந்துபோய்ச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். அந்த நீற்றுச் சுண்ணாம்பைச் சாந்தாக்கிக் கட்டடத்தில் வைத்தால், காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு, வருஷக்கணக்கில், மறுபடி கல்லாக மாறும். அப்படி ஆன கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய. மழை பெய்தால் மேல்பகுதி கொஞ்சம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெயில் வந்தால் அதே துளைகள் வழியாக அந்த ஈரம் ஆவியாகி வெளியே போய்விடும். மயிரிழை விரிசல் விட்டால், ஈரத்தில் கரைந்த சுண்ணாம்பு அந்த விரிசலிலேயே படிந்து அதை அடைத்துவிடுவதும் உண்டு.

பழைய கூரையின் கணக்கு இப்படித்தான் போகிறது: பெரும்பகுதித் தண்ணீர் வாட்டத்தில் ஓடிவிடும்; ஊறுகிற கொஞ்சமும் வெயிலில் காய்ந்துவிடும். உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாக இருக்கும் வரை, கீழே உள்ள தேக்குக் கட்டை உலர்ந்தே இருக்கும். உலர்ந்த தேக்குக்கு நூறு வருஷம் ஒரு பெரிய காலம் இல்லை.

இப்போது இந்தக் கூரை ஓரிடத்தில் சொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். காரணம் ஒரு தட்டோடு உடைந்ததாக இருக்கலாம். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் அரசங்கன்று வேர் விட்டதாக இருக்கலாம். ‘சுண்ணாம்பு பழசு, பலமில்லை, சிமெண்ட் போட்டால் கல் மாதிரி நிற்கும்’ என்று யாரோ சொல்கிறார்கள். இரண்டு அங்குலத்துக்குச் சிமெண்ட் கான்கிரீட் தளம் முழுக்கப் பரப்பப்படுகிறது. முதல் மழைக்காலத்தில் சொட்டுவது நிற்கிறது. எல்லாருக்கும் திருப்தி.

கூரைக்குள் நடப்பது வேறு. சிமெண்ட் தளம் இறுக்கமானது, வளைந்து கொடுக்காது. கீழே உள்ள மரமும் சுண்ணாம்பும் வெயிலுக்கு ஒரு மாதிரி அசைகின்றன, சிமெண்ட் வேறு மாதிரி அசைகிறது. சித்திரை வெயில் ஒன்றைக் கண்டதும் சிமெண்ட் தளத்தில் மெல்லிய விரிசல்கள் ஓடுகின்றன. இந்த விரிசல்கள் தாமாக மூடிக்கொள்வதில்லை. அவற்றின் வழியே தண்ணீர் கீழே இறங்குகிறது. இறங்கிய தண்ணீர் ஆவியாகி மேலே வரப் பார்த்தால், சிமெண்ட் மூடியிருக்கிறது. உள்பக்கம் சுவரிலும் மேற்கூரையிலும் நாம் எண்ணெய்ப் பெயிண்டோ பிளாஸ்டிக் பெயிண்டோ அடித்திருந்தால் அந்த வழியும் மூடல். நீச்சல் முடித்த குழந்தையின் ஈரத் துண்டைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்துவிட்டு, மூன்று நாள் கழித்துத் திறந்து பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? துண்டைக் கெடுத்தது தண்ணீர் இல்லை, பை. கொடியில் போட்டிருந்தால் அதே துண்டு மாலைக்குள் காய்ந்திருக்கும்.

ஆகவே ஒரு கூரையைப் பார்க்கும்போது ‘தண்ணீர் எங்கே நுழைகிறது’ என்று மட்டும் கேட்காமல், ‘நுழைந்த தண்ணீர் எப்படி வெளியேறும்’ என்றும் கேட்டுப் பழகவேண்டும். முதல் கேள்விக்குச் சரியான விடை கிடைப்பதும் கஷ்டம். மேலே நுழைந்த தண்ணீர் கட்டையோரமாகவோ மின்விசிறிக் குழாய் வழியாகவோ பல அடி நகர்ந்து, வசதியான இடத்தில் சொட்டுகிறது. சொட்டும் இடத்துக்கு நேர் மேலே பூசுவது பெரும்பாலும் வீண்தான்.

அடைபட்ட ஈரம் முதலில் தாக்கும் இடம் எது? கழற்றி எடுத்த தேக்குக் கட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நடுப்பகுதியை இழைப்புளியால் ஒரு தள்ளுத் தள்ளினால் பொன்னிறமாக வருகிறது. தேக்கின் எண்ணெய் வாசனைகூட எழுகிறது. கையை ஓரத்துக்கு நகர்த்தினால், சுவருக்குள் செருகியிருந்த கடைசி ஒன்பது அங்குலம் கறுத்துக் கிடக்கிறது. மரம் நீளவாக்கிலும் குறுக்கிலும் வெடித்துச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் தடையில்லாமல் இறங்குகிறது. விரலால் நெருடினால் பழுப்புத் தூளாகிறது. இது காளான் வேலை. மரத்தின் ஈரம் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டி நெடுநாள் அப்படியே இருந்தால் காளானுக்குக் கொண்டாட்டம், அதன் பின்னாலேயே கரையானுக்கும். அறையின் நடுவில் கட்டையைச் சுற்றிக் காற்று ஓடுகிறது. சுவருக்குள் செருகிய முனைக்கு அந்தக் காற்று கிடையாது. சுவரின் ஈரமும் கூரையின் ஈரமும் அங்கேதான் வந்து சேருகின்றன. ஆனால் கூரையின் முழுப் பாரத்தையும் சுவரில் இறக்குவது அந்த முனைதான்.

அண்ணாந்து பார்த்து ‘கட்டையெல்லாம் நன்றாகத்தான் இருக்கு’ என்று சொல்வதில் உள்ள ஆபத்து இப்போது புரியும். நாம் பார்ப்பது கட்டையின் நலமான பகுதியை. பழைய கட்டட வேலை தெரிந்த தச்சர் நடுவைப் பார்ப்பதே இல்லை. ஏணியைச் சுவரோரம் சாத்தி, கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தைச் சுத்தியலால் தட்டிக் காதை வைக்கிறார். கணீரென்றால் நல்லது, சொத்தென்றால் திறந்து பார்க்க வேண்டியது.

இதோடு பாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு அங்குலச் சிமெண்ட் தளம் சதுர அடிக்குச் சுமார் 11 கிலோ. நம் 500 சதுர அடி மாடியில் அது ஐந்தரை டன். பத்து வருஷம் கழித்து மறுபடி ஒழுகி, அதன்மேலேயே இன்னொரு தளம் போட்டால் மேலும் ஐந்தரை. வீடு விடுதியானதும் மேலே ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்று, தண்ணீரே ஒரு டன். பிறகு ஏசி யூனிட்டுகள், பூந்தொட்டிகள், மாடி உணவகத்துக்கு வரும் கூட்டம். மழைக்காலத்தில் செங்கல் தன் எடையில் 15 சதவீதம் வரைகூடத் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். கூரை எடை கூடும் அதே நாளில்தான் அதைத் தாங்கும் சுவரின் சாந்தும் ஈரத்தில் நெகிழ்ந்திருக்கும். பழைய கட்டடங்கள் மழைக்காலத்தில் விழுவது இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்வதால்.

கடற்கரைச் சாலையில் நாம் எல்லாரும் அறிந்த மேரி கட்டடம், 1870-71-இல் கட்டப்பட்ட நகராட்சி மாளிகை, 2014 நவம்பர் 29 அன்று, கனமழை நாட்களில்தான், இடிந்து விழுந்தது. உலக வங்கியின் உதவியோடு அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி, 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். திரும்ப அது எழுந்து நிற்பது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் நூற்று நாற்பது வருஷம் நின்ற கட்டடம் ஒன்றை இழந்துவிட்டு அதன் உருவத்தைத் திரும்பப் பெறுவதைவிட, கட்டை முனைகளை வருஷத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்ப்பது எவ்வளவோ மலிவு. பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு இந்த ஊரில் பல ஆண்டுகளாக இதைத்தான் சொல்லி வருகிறது. வைசியாள் வீதியில் அவர்கள் முன்னின்று செய்த சீரமைப்புக்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அங்கே போய்ப் பார்த்தால் தாழ்வாரங்களைக் காப்பாற்ற முடியும் என்பது கண்ணுக்குத் தெரியும்.

கெட்டுப்போன மெட்ராஸ் ஒட்டை எப்படிச் சரி செய்வது? முதலில் பாரத்தை இறக்க வேண்டும்: தொட்டி, பூந்தொட்டி, பழைய சிமெண்ட் தளம் எல்லாம். சிமெண்டைப் பிரேக்கர் வைத்து அதிர அடித்து உடைத்தால் கீழே ஒட்டுக் கற்கள் உதிரும். கையுளியால்தான் பெயர்க்க வேண்டும். அதற்கு முன்பே கீழே சவுக்குக் கம்புகளால் முட்டுக் கொடுத்துவிட வேண்டும். நம் ஊரைச் சுற்றிச் சவுக்குக்குப் பஞ்சமில்லை. பிறகு ஒரு நேரத்தில் ஓர் அங்கணம், அதாவது இரண்டு உத்திரங்களுக்கு நடுவில் உள்ள பகுதி, மட்டும் திறந்து, கட்டையின் கெட்ட முனையை நல்ல மரம் வரை அறுத்து, பழைய தேக்கில் புதுத் துண்டு பூட்டி, இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்துப் போல்ட் முடுக்குவார்கள். சுவருக்குள் வைக்கும்போது முனையைச் சுற்றிச் சாந்தை அப்பி அடைக்காமல் விரல் நுழைகிற அளவு காற்றுக்கு இடம் விட வேண்டும். அடைத்துப் பூசினால் பார்க்க நேர்த்தியாக இருக்கும், இருபது வருஷத்தில் மறுபடி இதே வேலை வரும். மேலே திரும்பச் சுண்ணாம்பு ஜல்லி, வாட்டம், தட்டோடு.

தொழில் நடக்கும் கட்டடங்களில் இதற்கு ஒரு பெரிய இடைஞ்சல் உண்டு. சுண்ணாம்பு வேலைக்கு ஏற்ற மாதங்கள் தையும் மாசியும்: மழை முடிந்திருக்கும், வெயில் கொளுத்தாது, சாந்து நிதானமாக இறுகும். ஆனால் அதே மாதங்களில்தான் விடுதிகள் நிரம்பி வழிகின்றன. அறையை மூட யாருக்கு மனம் வரும்? வேலை புரட்டாசிக்குத் தள்ளிப்போகிறது. இறுகச் சில வாரம் கேட்கும் சுண்ணாம்பை அவசரமாகப் போட்டு, அதன் தலையில் ஐப்பசி மழையைக் கொட்ட விட்டால் கரைந்துதான் போகும். பிறகு ‘சுண்ணாம்பு நிக்காதுங்க’ என்ற பேச்சு ஊர் முழுக்கப் பரவுகிறது. முழு மாடியையும் ஒரே தவணையில் எடுக்காமல், இந்தத் தையில் பாதி, அடுத்த தையில் பாதி என்று இரண்டு அறைகளை மட்டும் மூடிச் செய்பவர்கள் இருக்கிறார்கள்; எனக்குத் தெரிந்து இதுதான் நடைமுறைக்கு ஒத்து வருகிறது.

கான்கிரீட்டே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி, 1937-இல் அந்தோனின் ரேமண்ட் வடிவமைப்பில் வேலை தொடங்கிய கட்டடம், முழுக்கக் கம்பி வைத்த கான்கிரீட். இதே உப்புக் காற்றில் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. அதன் கூரையை உற்றுப் பார்த்தால் அங்கேயும் நாம் பேசிய விஷயம்தான். தளத்துக்கு மேல் வளைவான கான்கிரீட் ஓடுகளை இன்னொரு கூரையாக வைத்து, இரண்டுக்கும் நடுவில் காற்றுப் போக இடம் விட்டிருக்கிறார்கள். வெயிலும் மழையும் மேல் கூரையோடு முடிகின்றன. கீழ்த் தளம் உலர்ந்து கிடக்கிறது.

இன்றைய வணிகக் கட்டடத் தளங்களில் ஈரம் வேறு ஆளைத் தேடிப் போகிறது, கம்பியை. புதுக் கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உள்ளது. அந்தக் காரத்துக்குள் புதைந்திருக்கும் வரை கம்பி துருப் பிடிக்காது. நம் கடற்காற்றில் உள்ள உப்பு, ஈரத்தோடு சேர்ந்து உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும் பொருள். உள்ளிருந்தே அது நெட்டித் தள்ள, அடிப்பக்கக் கான்கிரீட் பொரிந்து விழுகிறது. கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்பதே இதில் முக்கியம். வேலையிடத்தில் இதைக் ‘கவர்’ என்பார்கள். கடலோரச் சூழலில் வெளியே தெரியும் கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர் கவர், குறைந்தது எம்30 கலவை என்று இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456 சொல்கிறது. வேலையிடத்தில் போய்ப் பார்த்தால் பல தளங்களில் கம்பிக்கு அடியில் கவர் கட்டைக்குப் பதில் ஒரு ஜல்லிக் கல்லைத் தள்ளி வைத்திருப்பார்கள். கான்கிரீட் போடும்போது நாலு பேர் கம்பிமேல் நடந்தால் அந்தக் கல்லும் நழுவிவிடும்.

பொரிந்த இடத்தில் நாம் செய்வதும் பழைய தவறுதான்: கம்பி தெரிகிறது, சாந்தை அள்ளி அப்பி அடைக்கிறோம். துரு உள்ளேயே இருக்கிறது, உப்பும் இருக்கிறது. ஒன்றிரண்டு மழைக்காலத்தில் அப்பியதும் சேர்ந்து விழுகிறது. கம்பியின் பின்பக்கம் வரை கான்கிரீட்டைப் பெயர்த்து, பளபளவென்று இரும்பு தெரியும் வரை துருவைச் சுரண்டி, கம்பி இளைத்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்து, அதற்கென்று உள்ள பூச்சும் கலவையும் வைத்தால்தான் நிற்கும். மேலே தளத்தில் வாட்டத்தையும் அதே வேலையில் சரி செய்ய வேண்டும். இல்லையென்றால் ஈரம் மறுபடி வரும்.

நம் ஊர்க் கடைவீதிகளில் இன்னொரு காட்சி எல்லாருக்கும் பழகிப்போனது. ‘பின்னாடி இன்னொரு மாடி எடுக்கலாம்’ என்று தூண் கம்பிகளை மொட்டையாக நீட்டி விட்டிருப்பார்கள். மேல் தளம் எப்படியும் வரும் என்ற நினைப்பில் சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் போடுவதில்லை, வாட்டமும் இல்லை. பத்து வருஷம் தண்ணீர் அங்கங்கே தேங்குகிறது. நீட்டிய கம்பிகளின் ஓரமாக மழைநீர் தூணுக்குள்ளேயே இறங்குகிறது. கட்டடத்தில் எந்தப் பகுதிக்கு ஈரமே ஆகாதோ அந்தப் பகுதிக்கு நாமே குழாய் போட்டுக் கொடுத்ததாக ஆகிறது. அடுத்த மாடி நிச்சயமில்லை என்றால் அந்தக் கம்பிகளைச் சுற்றி மெலிந்த கலவையில் ஒரு குட்டிக் கட்டை வார்த்து மூடி வைக்கலாம், வேண்டும்போது உடைத்துக்கொள்ளலாம். ஒருநாள் வேலை.

இப்போது மழை பெய்துகொண்டிருக்கிறது, உங்கள் கடையில் சொட்டுகிறது, இதைப் படிக்கிறீர்கள் என்றால், இன்றைக்குப் பூச்சுக்காரரைக் கூப்பிடாதீர்கள். ஈரத் தளத்தில் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்து முத்திரை போடுவதாகத்தான் முடியும். முதலில் ஓர் ஆளை அனுப்பித் தூம்புகளைத் துழாவச் சொல்லுங்கள். தூம்பு அடைத்துக்கொண்டு அரையடித் தண்ணீர் நின்றாலே நம் கணக்கு மாடியில் ஏழு டன். தொட்டியில் தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். பழைய மெட்ராஸ் ஒட்டாக இருந்தால், சொட்டும் அங்கணத்தில் கட்டை முனைகளுக்கு அடியில் நாலு சவுக்கு முட்டுக் கொடுத்துவிடுங்கள். மேலே தார்ப்பாய் போடலாம். ஆனால் தளத்தோடு ஒட்டிப் போடாமல், நடுவில் கம்பு வைத்துத் தூக்கிக் கட்டுங்கள். இரண்டு பக்கமும் வாட்டம் கிடைக்கும், அடியில் காற்றும் போகும். தைக்குப் பிறகு தளம் நன்றாகக் காய்ந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டு, ஒரு வாளித் தண்ணீரை மாடியின் தூரத்து மூலையில் ஊற்றச் சொல்லுங்கள். அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று இருவரும் கூடவே நடந்து பார்த்துவிட்டு, அதன்பின் விலை பேசலாம்.